தொட்டி மீனுக்கும் பொழுது போக வேண்டும்: புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மீன் வளர்க்கத் தொடங்கி இரண்டு மூன்று மாதம் ஆனதும் பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். தண்ணீர் தெளிவாக இருக்கிறது, ஃபில்டர் ஓடுகிறது, மீன் நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனால் மீதி நேரமெல்லாம் ஒரே மூலையில் நிற்கிறது, இல்லாவிட்டால் கண்ணாடியை ஒட்டி மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கிறது. இதற்கு அலுப்பாக இருக்குமோ என்று மனசுக்குள் கேட்டிருப்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆற்றிலோ குளத்திலோ இருக்கும் மீனின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். விடிந்ததிலிருந்து இரை தேடுகிறது, பாசியைக் கொத்துகிறது, மணலைக் கிளறுகிறது, பெரிய மீன் வந்தால் வேருக்குள் ஒளிகிறது, தன் எல்லைக்குள் நுழைந்த இன்னொன்றைத் துரத்திவிட்டுத் திரும்பி வருகிறது. தொட்டியில் இதில் எதற்கும் அவசியமில்லை. தீனி மேலேயிருந்து விழுகிறது, அரை நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது, அடுத்த வேளை வரைக்கும் செய்ய ஒன்றுமில்லை. மீனுக்கு விளையாட்டு காட்டுவது என்று நான் இங்கே சொல்லப்போவதெல்லாம் அந்த வேலைகளை அதற்குத் திரும்பக் கொடுப்பது பற்றித்தான். பொம்மை அதில் கடைசியாக வரும் விஷயம், சில மீன்களுக்கு அது தேவையே படாது.

முதலில் தண்ணீர், அப்புறம்தான் மற்றதெல்லாம்

கண்ணாடியை ஒட்டி ஓயாமல் மேலும் கீழும் நீந்துவது அலுப்பினால் இருக்கலாம், தண்ணீர் கெட்டுப்போனதாலும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்துவிடுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா 0, நைட்ரைட் 0 இருக்க வேண்டும், நைட்ரேட் 40 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 40 பங்குக்கு) கீழே இருக்கட்டும். புதுத் தொட்டி என்றால் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா ஃபில்டரில் படிந்து நிலைக்க 4 முதல் 6 வாரம் ஆகும், அதுவரை விளையாட்டுப் பேச்சே வேண்டாம்.

இடமும் துணையும் இதே கணக்கில்தான் வரும். நியான் டெட்ரா, டேனியோ, கோரிடோரஸ் மாதிரிக் கூட்டமாக வாழும் மீன்களை ஒன்றிரண்டாக வைத்துவிட்டு அவற்றுக்கு என்ன விளையாட்டு தரலாம் என்று யோசிப்பதில் பயனில்லை, குறைந்தது 6 இருந்தால்தான் அவை அவையாக இருக்கும். அவற்றுக்கு இன்னொரு மீன்தான் பெரிய விளையாட்டு. பெட்டா என்றும் சொல்லும் ஃபைட்டர் மீனில் ஆணுக்கு இது நேர் எதிர், இன்னொரு ஆண் கூடவே கூடாது, ஆனால் 20 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். கோப்பையில் வைத்த ஃபைட்டருக்கு என்ன செய்தாலும் அது கோப்பைக்குள் வைத்த மீன்தான்.

ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன்னால் தினமும் 15 நிமிடம், தீனி போடாத நேரத்தில், தொட்டிக்கு முன்னால் அசையாமல் உட்காருங்கள். எந்த மீன் மேல்மட்டத்திலேயே திரிகிறது, எது நடுவில், எது அடியில் என்று கவனியுங்கள். வாயைப் பாருங்கள், அது பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். கப்பிக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், நீர்ப்பரப்பில் கிடப்பதை எடுத்துப் பழகியது. கோரிடோரஸுக்குக் கீழ்நோக்கி, பக்கத்தில் மீசையும் இருக்கும், அது மணலில் துழாவுகிற மீன். சக்கர் மீன் என்று நாம் சொல்லும் பிளெக்கோவுக்கு உறிஞ்சும் வாய், கல்லையும் கட்டையையும் சுரண்டிச் சுரண்டித் தின்னும். எந்த வாய் எந்த வேலைக்கு அமைந்ததோ அந்த வேலையைத்தான் நாம் தொட்டிக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும். மேல்மட்ட மீனுக்கு அடியில் குகை கட்டிக் கொடுத்துவிட்டு அது உள்ளே போகவே இல்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

ஒளிய இடம் இருந்தால் வெளியே வரும்

புதியவர்கள் பெரும்பாலும் தொட்டியைக் காலியாக வைப்பார்கள், மீன் நன்றாகத் தெரியட்டும் என்று. நடப்பது வேறு. மறைவிடம் இல்லாத தொட்டியில் மீன் பயந்து ஒரே மூலையில் ஒடுங்கும், ஓடி ஒளிய நாலு இடம் இருக்கிறது என்று தெரிந்தபின் நடுவெளியில் தைரியமாக உலாவும். ஆகவே பின்பக்கமும் ஓரங்களும் அடர்த்தியாக, முன்பக்கம் நீந்த வெட்டவெளி, இந்த அமைப்பு பெரும்பாலான தொட்டிகளுக்குப் பொருந்தும்.

செடி வளர்த்துப் பழக்கமில்லாதவர்கள் ஜாவா மாஸ், அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மூன்றில் தொடங்கலாம், மூன்றுக்கும் குறைந்த வெளிச்சம் போதும். அனுபியாஸின் தடித்த தண்டை மட்டும் மண்ணில் புதைக்காதீர்கள், அழுகிவிடும். கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டிவிட்டால் தானாகப் பற்றிக்கொள்ளும். மாஸ் கற்றைக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிரிகள் பெருகும், சிறு மீன்கள் நாள் முழுக்க அதைக் கொத்திக்கொண்டிருக்கும். காய்ந்த நாட்டு வாதுமை இலையும் இதே வேலையைச் செய்யும். நீரில் ஊறி மெல்ல மக்கும்போது மேலே ஒரு வழவழப்பான படலம் படியும், கப்பிக் குஞ்சுகளும் இறாலும் அதை மேயும். தண்ணீர் தேநீர் நிறமாக மாறினால் பதற வேண்டாம், ஃபைட்டருக்கும் டெட்ராவுக்கும் அது பிடித்தமான நிறம்.

அடிப்பரப்பு விஷயத்தில் கொஞ்சம் அதிகமாகவே யோசியுங்கள். கோரிடோரஸ் இருந்தால் மென்மையான மணல்தான், கூர்மையான சரளையில் துழாவித் துழாவி மீசை தேய்ந்துபோன மீன்கள் நிறைய. மணலில் விட்டுப் பாருங்கள், மூக்கைக் கண் வரைக்கும் புதைத்து, வாய் நிறைய மணலை அள்ளி, தின்னக்கூடியதை வைத்துக்கொண்டு மீதியைச் செவுள் வழியாகப் புகை மாதிரி வெளியே விடும். கோல்ட்ஃபிஷும் நாள் பூரா கிளறும், ஆனால் அதன் வாயில் சிக்கும் அளவுக் கல் ஆபத்து. ஒன்று மணல் போடுங்கள், இல்லையென்றால் வாய்க்குள் போகவே முடியாத பெரிய கூழாங்கல் போடுங்கள்.

சிக்லிட் குடும்பத்து மீன்களுக்கு மணல் என்றால் அது கட்டட வேலை. ஆப்பிரிக்காவின் டாங்கனீக்கா ஏரியில் நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் குட்டி சிக்லிட்கள் உண்டு, 5 செ.மீ. கூட வளராதவை. ஒரு மீனுக்கு இரண்டு மூன்று காலி ஓடுகளைப் போட்டு 5 செ.மீ. ஆழத்துக்கு மணலும் கொடுத்தால், வாயால் மணலை அள்ளி அள்ளித் துப்பி, ஓட்டைத் தனக்குப் பிடித்த கோணத்தில் திருப்பி, வாசல் மட்டும் வெளியே தெரிகிற மாதிரிப் புதைத்துவிடும். நீங்கள் மறுநாள் மணலைச் சமன் செய்துவைத்தால் திரும்பவும் தொடங்கும். தயவுசெய்து சமன் செய்யாதீர்கள், அது அதன் வீடு.

உள்ளே வைக்கும் எதையும் வைப்பதற்கு முன் மூன்று சோதனை. கல் மேல் சில சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, நீரின் கடினத்தன்மையை ஏற்றும் (ஏரிச் சிக்லிட்களுக்கு அது நல்லது, டெட்ராவுக்கு ஆகாது). கட்டை, தேங்காய் ஓடு என்றால் நன்றாகக் கொதிக்க வையுங்கள். அப்புறம் ஒரு பழைய நைலான் காலுறையை அந்தப் பொருளின் மேல் இழுத்துப் பாருங்கள், எங்காவது மாட்டி இழை பிரிந்தால் ஃபைட்டரின் துடுப்பும் ஏஞ்சல் மீனின் துடுப்பும் அங்கேயே கிழியும். உலோகம், சாயம் உரியும் பிளாஸ்டிக், சோப்பு பட்ட பாத்திரம் எதுவும் வேண்டவே வேண்டாம்.

தீனியைத் தேட வையுங்கள்

எனக்கு ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்ய அனுமதி என்றால் இதைத்தான் செய்வேன். மற்ற எல்லாவற்றையும்விடச் சீக்கிரமாகப் பலன் தெரிவது இதில்தான், செலவும் கிடையாது.

முதல் வாரம், ஒரே இடத்தில் மொத்தமாகப் போடும் தீனியை நான்கு பங்காக்கி நான்கு இடத்தில், கொஞ்சம் இடைவெளி விட்டுப் போடுங்கள். அளவைக் கூட்டக் கூடாது, அதே தீனிதான். இரண்டாவது வாரம் ஒரு வேளையை மட்டும் ஒளித்து வையுங்கள். அடியில் மூழ்கும் தீனியை மாஸுக்குள் செருகலாம், சின்ன மண்சட்டிக்குள் போடலாம், கூழாங்கற்களின் இடுக்கில் தள்ளலாம். கோல்ட்ஃபிஷுக்கு ஜெல் தீனி ரொம்பப் பொருத்தம். ஜெலட்டினில் கலந்து செய்த தீனியை ஒரு சொரசொரப்பான கல்லில் மெல்லிசாகப் பூசி, ஃபிரிட்ஜில் இறுக வைத்து, கல்லோடு உள்ளே இறக்கிவிடுங்கள். வழக்கமான தீனியை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என் இரண்டு கோல்ட்ஃபிஷ்களும் அந்தக் கல்லைச் சுற்றிச் சுற்றி முக்கால் மணி நேரம் இருந்தன. தலைகீழாக நின்று சுரண்டின, ஒன்று பின்வாங்கி வந்து இன்னொரு பக்கத்திலிருந்து முயற்சி செய்தது, முடிந்தபின்னும் கல்லை இரண்டு முறை புரட்டப் பார்த்தது. அன்று சாயங்காலம் அவை கண்ணாடிப் பக்கம் வரவே இல்லை.

காய்கறியும் இப்படித்தான். வெள்ளரி வட்டம், லேசாக வேகவைத்த கீரை, தோல் நீக்கிய பட்டாணி. கீரையை ஒரு கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டால் மீன் இழுத்துக் கிழித்துத்தான் தின்ன வேண்டியிருக்கும், வெள்ளரியை ஒரு கல்லோடு சேர்த்து மூழ்கடித்தால் இரவில் பிளெக்கோ வந்து விதைப் பகுதியை மட்டும் வழித்துவிட்டு வளையத்தை விட்டுவைக்கும். மறுநாள் காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், விட்டால் தண்ணீர் கெடும்.

உயிர்த்தீனி கொடுத்தால் மீன் வேட்டையாடும், அதைப் பார்க்கிற வரைக்கும் நம் மீன் எவ்வளவு சுறுசுறுப்பானது என்று நமக்கே தெரியாது. வீட்டில் பாதுகாப்பாகச் செய்யக்கூடியது ஆர்ட்டீமியா, உப்புநீரில் வாழும் இறால் மாதிரியான ஒரு குட்டி உயிரி. 1 லிட்டர் தண்ணீரில் சுமார் 25 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டி ஆர்ட்டீமியா முட்டை, அடியிலிருந்து ஏர் பம்ப் குமிழி, 26 முதல் 28 டிகிரி வெப்பம், 24 மணி நேரத்திலிருந்து 36 மணி நேரத்துக்குள் பொரிந்துவிடும். பம்பை நிறுத்திவிட்டு ஒரு பக்கம் டார்ச் அடித்தால் ஆரஞ்சு நிறத் தூசி மாதிரிக் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிக் கூடும், அந்த இடத்தில் மட்டும் உறிஞ்சி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் கொடுங்கள், மேலே மிதக்கும் காலி ஓடுகளைச் சேர்க்காதீர்கள். தண்ணீர்ப்பூச்சி மாதிரியான குட்டி உயிரி டாஃப்னியாவும் நல்லது. கொசுப்புழு ஃபைட்டருக்கு உயிர், ஆனால் சுத்தமான பாத்திரத்தில் நீங்களே மூடிபோட்டு வளர்த்ததாக இருக்க வேண்டும், அன்றன்று தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் போடவும் கூடாது, மீந்தது கொசுவாகி வீட்டுக்குள்தான் பறக்கும். சாக்கடையில் எடுத்த டியூபிஃபெக்ஸ் புழுவை நான் சேர்ப்பதே இல்லை, நோயை விலை கொடுத்து வாங்குகிற மாதிரி.

பழக்குவது எப்படி

மீனுக்கு மூன்று நொடிதான் ஞாபகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீரைப் பீய்ச்சிப் பூச்சியை வீழ்த்தும் ஆர்ச்சர் மீன்களுக்கு ஒரு மனித முகத்தின் படத்தைக் காட்டிப் பழக்கினார்கள், பல புதிய முகங்களுக்கு நடுவிலும் அந்த ஒரு முகத்தைப் பார்த்துத்தான் அவை துப்பின, 2016இல் வெளிவந்த ஆய்வு அது. 2022இல் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் சக்கரம் பொருத்திய தொட்டியில் கோல்ட்ஃபிஷை விட்டார்கள், மீன் எந்தப் பக்கம் நீந்துகிறதோ அந்தப் பக்கம் வண்டி நகரும், மீன்கள் தரையில் அந்த வண்டியை ஓட்டிக் குறிப்பிட்ட இலக்குக்குப் போய்த் தீனி வாங்கக் கற்றுக்கொண்டன. ஆகவே நம் வீட்டு மீனுக்கு ஒரு குச்சியைப் பின்தொடரக் கற்றுக்கொடுப்பது பெரிய காரியமில்லை, நமக்குத்தான் பொறுமை வேண்டும்.

ஒரு வெள்ளை ஸ்ட்ரா எடுத்து நுனியில் ஒரு சின்னச் சிவப்பு மணியைச் செருகிக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில், தீனி போடுவதற்குச் சற்று முன்னால், அதைத் தண்ணீருக்குள் விட்டு அசையாமல் பிடியுங்கள். என் ஃபைட்டர் முதல் நாள் இலைக்குப் பின்னால் போய்விட்டது. நான் குச்சிக்குப் பக்கத்தில் ஒரு தீனி உருண்டையை மட்டும் போட்டுவிட்டு எடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் இலையிலிருந்து தலையை நீட்டியது, ஐந்தாம் நாள் அரையடி தள்ளி நின்று துடுப்பை விரித்துப் பார்த்தது, ஒன்பதாம் நாள் வந்து மணியை மூக்கால் ஒரு தட்டு. தட்டிய அந்த நொடியில் தீனி விழ வேண்டும், அதுதான் ரகசியமெல்லாம், இரண்டு மூன்று நொடி தாமதித்தால்கூட எதற்காகக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. மணியைத் தொட வந்துவிட்டால் மெதுவாக நகர்த்துங்கள், பின்னாலேயே வரும், அப்புறம் ஒரு வளையத்தைத் தொங்கவிட்டு அதன் ஊடே கூட்டிப் போகலாம்.

ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும், நாலைந்து தீனி உருண்டைக்கு மேல் வேண்டாம், அதையும் அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு வெளியே குதிக்கப் பழக்க வேண்டாம், ஃபைட்டருக்கும் டேனியோவுக்கும் குதிப்பது ஏற்கெனவே கைவந்த கலை, நாம் ஊக்குவித்தால் ஒருநாள் தரையில் கிடக்கும். கையை உள்ளே விடுவதானால் சோப்பு, கிரீம் எதுவும் இல்லாத கை. கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடுவதை இன்றோடு நிறுத்துங்கள், மீனின் உடல் நெடுக இருக்கும் பக்கக்கோட்டு உறுப்பு சின்ன அதிர்வையும் உணரும், நமக்கு லேசாகப் படும் தட்டல் அதற்கு அடி.

பொம்மை என்றால்

ட்ரோஃபியஸ் டுபோய்சி என்றொரு சிக்லிட். 2014இல் வெளியான ஒரு கட்டுரையில் விலங்குகளின் விளையாட்டை ஆராயும் கார்டன் பர்கார்ட்டும் அவருடைய சகாக்களும் அந்த மீன்கள், அடிப்பக்கம் எடை வைத்த ஒரு தெர்மாமீட்டரைத் திரும்பத் திரும்ப இடித்துச் சாய்த்ததைப் பதிவு செய்தார்கள். இடித்தால் சாயும், தானாக நிமிரும், திரும்ப இடிக்கும். தீனியும் இல்லை, எதிரியும் இல்லை, அது விளையாட்டுதான் என்பது அவர்கள் முடிவு. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, தட்டினால் பதில் சொல்லும் பொருள்தான் மீனைத் திரும்ப வரவழைக்கும், சும்மா கிடக்கும் பிளாஸ்டிக் கப்பல் அதைச் செய்யாது.

நன்றாகக் கழுவிய பிங்பாங் பந்து மேலே மிதந்தால் ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் மாதிரிப் பெரிய சிக்லிட்கள் முட்டித் தள்ளும், சில ஃபைட்டர்களும் தள்ளும். டேனியோ, பார்ப் கூட்டத்துக்குக் குமிழி வரிசையும் ஃபில்டரிலிருந்து வரும் நீரோட்டமும் போதும், ஓட்டத்தை எதிர்த்து நீந்துவதும் அடித்துக்கொண்டு போவதும் திரும்ப வருவதுமாக இருக்கும். அதே ஓட்டம் நீளத் துடுப்பு ஃபைட்டருக்குத் தண்டனை, கவனம். ஃபைட்டருக்குக் கண்ணாடி காட்டுவது பற்றி நிறையக் கேட்பார்கள். காட்டலாம், நாளைக்கு ஒருமுறை, 1 நிமிடம், மிஞ்சினால் 2. எதிரி வந்தான், செவுளை விரித்து விரட்டினேன், போய்விட்டான் என்று அது நிம்மதியாகத் திரும்ப வேண்டும். கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டால் போகாத எதிரியோடு நாள் முழுக்கச் சண்டை, அது களைத்தே போய்விடும்.

எந்தப் பொம்மையும் 2 நாளைக்கு மேல் உள்ளே இருக்க வேண்டாம். எடுத்து வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் போட்டால் திரும்பவும் புதிதாக இருக்கும்.

மாற்றத்தின் அளவு

நல்லது செய்கிறேன் என்று ஒரே நாளில் கல், கட்டை, செடி எல்லாவற்றையும் இடம் மாற்றி அடுக்கிய தொட்டியில் என் ஏஞ்சல் மீன்கள் இரண்டு நாள் ஹீட்டருக்குப் பின்னாலேயே நின்றன, தீனிக்குக்கூட வரவில்லை. அதிலிருந்து ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம்தான் செய்கிறேன். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, சண்டைக்கார சிக்லிட் தொட்டியில் புது மீன் விடும்போது முழுசாக மாற்றி அடுக்குவது நல்லது, பழைய எல்லைகள் அழிந்துபோவதால் புதியது அடி வாங்காமல் தப்பிக்கும். முட்டையிட்டிருந்தால் எதையும் தொடாதீர்கள்.

மாற்றம் பிடிக்கவில்லை என்றால் மீன் சொல்லிவிடும். நிறம் மங்கும், துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்கும், மூச்சு வேகமாகும், தீனியைத் தவிர்க்கும். ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள், மாறாவிட்டால் வைத்ததை எடுத்துவிட்டுத் தண்ணீரை மறுபடி சோதியுங்கள். பிடித்திருந்தால் வந்து முகர்ந்து பார்க்கும், விலகும், திரும்ப வரும். அந்தத் திரும்ப வருதலைத்தான் நான் தேடிப் பார்ப்பேன்.

ஓய்வும் வேண்டும். விளக்கு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம், அதற்குமேல் பாசிக்குத்தான் கொண்டாட்டம். மீனுக்கு இமை இல்லை, இருட்டில் சட்டென்று தொட்டி விளக்கைப் போட்டால் துள்ளி இடித்துக்கொள்ளும். அறை விளக்கைப் போட்டுப் பத்து நிமிடம் கழித்துத் தொட்டி விளக்கைப் போடுங்கள்.

வயதான மீன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்குத் தேட வைக்கும் தீனியும் வேண்டாம், வளையமும் வேண்டாம் என்று பலர் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார்கள், அப்படிச் செய்யாதீர்கள். நீரோட்டத்தைக் குறையுங்கள், நீர்மட்டத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், மேற்பரப்புக்கு அருகில் அகலமான இலை ஒன்று வைத்தால் வயதான ஃபைட்டர் அதில் படுத்துக்கொண்டு அங்கிருந்தே மேலே போய் மூச்சு எடுத்துக்கொள்ளும். ஸ்ட்ராவை நீட்டும்போது அது வருவதற்குக் காத்திருக்காமல் இலைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோங்கள். தலையைத் திருப்பி மணியைத் தட்டும், தட்டியதும் தீனியைப் போடுங்கள்.